தவறு எதிராளியுடையது, மிச்சச் செலவு நம்முடையதா?

சிவப்பு விளக்குக்காக நிற்கும் காரைப் பின்னால் வரும் வண்டி இடிக்கிறது. யாருக்கும் காயமில்லை. இடித்தவரும் தன் தவறுதான் என்று ஒப்புக்கொள்கிறார். பின்னால் ஹாரன் சத்தம் கூடக்கூட இரண்டு பேரும் வண்டியை ஓரங்கட்டுகிறார்கள். அதற்குப் பிறகு நடப்பது தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். “உங்களுக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கும் அல்லவா சார், அதிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்” என்கிறார் இடித்தவர். காவல் நிலையத்திலும் அதையே சொல்கிறார்கள். ஒர்க் ஷாப்பிலும் அதையேதான் சொல்கிறார்கள். இடிபட்டவரும் அலைச்சல் வேண்டாம் என்று தன் பாலிசியிலேயே கிளெய்ம் போட்டுவிடுகிறார்.

இந்தப் பாதை எளிது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த எளிமைக்கு ஒரு விலை இருக்கிறது. அதை முழுவதும் கொடுப்பவர் தவறே செய்யாத அந்த மனிதர். தவறு செய்தவருக்கு ஒரு ரூபாய்கூடச் செலவாவதில்லை. பழுதுபார்த்து வண்டி வீட்டுக்கு வந்த பின்னும் தேய்மானக் கழிவு, பறிபோன போனஸ், வாடகைக் கார் செலவு, மூன்று மாதம் கழித்துத் தலைகாட்டும் பழுது, விற்கப் போகும்போது குறையும் விலை என்று இழப்பு தொடர்கிறது. இவற்றில் பெரும்பகுதியைக் கேட்டுப் பெறச் சட்டத்தில் வழி இருக்கிறது. அந்த வழி இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரிய வரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும், அல்லது கையெழுத்துப் போட்டாகியிருக்கும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டில் மாற்றப்படும் உதிரிபாகங்களுக்குத் தேய்மானம் கழித்த பிறகே பணம் தருவார்கள். ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், டியூப், பேட்டரி, ஏர்பேக் ஆகியவற்றுக்கு 50 சதவீதம் கழியும். ஃபைபர் கிளாஸுக்கு 30 சதவீதம், கண்ணாடிக்குக் கழிவு இல்லை. உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதுதான் அளவுகோல்: ஆறு மாதம் வரை கழிவில்லை, ஓராண்டு வரை 5, பிறகு ஆண்டுக்கேற்ப 10, 15, 25, 35 என்று ஏறி, ஐந்திலிருந்து பத்தாண்டு வரை 40, அதற்கு மேல் 50 சதவீதம். பெயின்ட் செலவில் பொருளுக்கான பகுதியில் பாதி போய்விடும். பில்லில் பொருளும் கூலியும் பிரிக்கப்படவில்லை என்றால் மொத்தத்தில் கால் பங்கைப் பொருள் என்று வைத்துக் கணக்கிடுவார்கள். இதற்கெல்லாம் மேலே, ஒவ்வொரு கிளெய்முக்கும் 1,500 சிசி வரையிலான கார் என்றால் 1,000 ரூபாயும், அதற்கு மேற்பட்டது என்றால் 2,000 ரூபாயும் கட்டாயப் பிடித்தம்.

மூன்றரை வயதான ஒரு சிறிய காரை எடுத்துக்கொள்வோம். தொகைகள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. பின் பம்பர் 12,000 ரூபாய், பின் விளக்குகள் 8,000, டிக்கிக் கதவு 20,000, பின் கண்ணாடி 6,000, பெயின்டிங் 16,000, டிங்கரிங் உட்பட மற்றக் கூலி 10,000. மொத்தம் 72,000 ரூபாய். பம்பரில் 6,000, விளக்குகளில் 4,000, டிக்கிக் கதவில் 5,000, பெயின்ட்டில் 2,000 கழிகிறது. கட்டாயப் பிடித்தம் 1,000. ஆக 18,000 ரூபாய் உரிமையாளர் கையிலிருந்து போகிறது.

இது ஒர்க் ஷாப் கவுண்டரில் தெரியும் செலவு. தெரியாத செலவு அடுத்த புதுப்பித்தலில் வருகிறது. கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று படிப்படியாக ஏறும் நோ கிளெய்ம் போனஸ், ஒரு கிளெய்ம் போட்டதும் பூஜ்யத்துக்குப் போய்விடும். தவறு யாருடையது என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. நம் உதாரணத்தில் உரிமையாளர் இப்போது 35 சதவீதத்தில் இருக்கிறார், தள்ளுபடிக்கு முந்தைய பிரீமியம் ஆண்டுக்கு 12,000 ரூபாய், அது மாறாது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு 45 சதவீதம் கிடைத்திருக்க வேண்டும், இனி பூஜ்யம். அதற்கடுத்து 50-க்குப் பதில் 20, பிறகு 25, 35, 45. ஐந்தாண்டு வித்தியாசத்தைக் கூட்டினால் 14,400 ரூபாய். முன்னதையும் சேர்த்தால் 32,400. அதாவது 72,000 ரூபாய் சேதத்துக்குக் காப்பீடு 54,000 கொடுத்தது போலத் தோன்றினாலும், அதில் 14,400-ஐத் தவணை முறையில் திரும்ப வாங்கிக்கொள்கிறது. நின்ற இடத்தில் நின்ற ஒருவர் இவ்வளவு சுமக்க வேண்டியிருப்பது எனக்கு அநியாயமாகவே படுகிறது.

‘ஜீரோ டெப்’ என்று சொல்லப்படும் கூடுதல் பாதுகாப்பு இருந்தால் தேய்மானக் கழிவு இருக்காது. போனஸைக் காக்கவும் தனிக் கூடுதல் பாதுகாப்பு உண்டு. இரண்டுக்கும் தனிப் பிரீமியம் கட்ட வேண்டும், அதைக் கட்டுபவரும் இடிபட்டவர்தான்.

சில செலவுகள் முதல் பில்லில் வரவே வராது. பின்பக்க இடியில் பம்பருக்கு உள்ளே இருக்கும் உலோகத் தாங்கி வளைந்திருக்கலாம்; பம்பரைக் கழற்றினால்தான் தெரியும். முன்பக்க இடியில் ஏசி கண்டென்சரில் ஏற்பட்ட சிறு கசிவு கோடை வரும்போதுதான் குளிர்ச்சி குறைந்து வெளியே தெரியும். அடிச்சட்டமான சாசி ஓரிரு மில்லிமீட்டர் விலகியிருந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், அல்லது டயர் ஓர் ஓரமாகத் தேயும். பற்றவைத்த இடத்தில் பாதுகாப்புப் பூச்சு சரியில்லை என்றால் அடுத்த மழைக்காலத்தில் துரு கிளம்பும். கேமராவும் ரேடாரும் பொருத்திய புதிய கார்களில் பம்பரையோ முன் கண்ணாடியையோ மாற்றினால் சென்சார்களை மீண்டும் அளவு நிர்ணயம் செய்ய வேண்டும். எஸ்டிமேட் போடும்போது மறந்துவிடக்கூடிய செலவு இது.

இப்படி மறைந்திருக்கும் பழுது கண்டுபிடிக்கப்பட்டதும், சரி செய்வதற்கு முன்பே, துணை எஸ்டிமேட் போட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து, சேதத்தை மதிப்பிடும் சர்வேயரை மறுபடி பார்க்கச் சொல்ல வேண்டும். சரி செய்த பிறகு சொன்னால், அது இந்த விபத்தால் வந்தது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பார்கள். ஒர்க் ஷாப்பிலிருந்து வண்டியை எடுக்கும் நாளிலேயே வீல் அலைன்மென்ட் அளவுகள் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குவது நல்லது. பிறகு பழுது வெளிப்பட்டால், சரி செய்யும் மெக்கானிக்கிடம் காரணத்தை எழுத்தில் பெற வேண்டும். ‘இடது பின் சஸ்பென்ஷன் கை வளைந்துள்ளது, பக்கவாட்டு மோதலால் ஏற்படக்கூடியது’ என்ற ஒரே ஒரு வரி, வெறும் பில்லைவிடப் பல மடங்கு மதிப்புடையது.

சொந்தப் பாலிசி ஏன் எல்லாவற்றையும் ஈடுசெய்வதில்லை? அது ஓர் ஒப்பந்தம், அதன் எல்லைகள் அச்சிலேயே இருக்கின்றன. தேய்மானம், இயந்திர மற்றும் மின் கோளாறு, விபத்தின் விளைவாகத் தொடரும் இழப்பு ஆகியவற்றுக்குப் பொறுப்பில்லை என்று கார் பாலிசியின் முதல் பகுதியே சொல்கிறது. வாடகைக் கார் செலவும் விற்பனை விலைக் குறைவும் இந்தத் தொடர் இழப்பு வகையில் அடங்கிவிடும். அவற்றைச் சொந்த நிறுவனத்திடம் கேட்டுச் சண்டையிடுவதில் பயனில்லை. கேட்க வேண்டிய இடம் வேறு.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 165-ஆம் பிரிவு, உயிரிழப்பு, காயம் ஆகியவற்றோடு மூன்றாம் நபரின் (இங்கே இடிபட்டவரின்) சொத்துக்கு நேரும் சேதத்தையும் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் அதிகாரத்துக்குள் வைக்கிறது. 166-ஆம் பிரிவு, சேதமடைந்த சொத்தின் உரிமையாளரே மனு செய்யலாம் என்கிறது. தீர்ப்பாயம் என்றாலே உயிர்போன வழக்குகளுக்கானது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. வழக்கறிஞர்களிலும் சிலர் ‘வண்டிச் சேதத்துக்கு மட்டும் யாரும் எம்.சி.ஓ.பி. (தீர்ப்பாய மனு) போடுவதில்லை’ என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். போடலாம். சட்டம் தெளிவாக அனுமதிக்கிறது. தீர்ப்பாயம் விசாரிக்கக்கூடிய விஷயத்தை உரிமையியல் நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்று 175-ஆம் பிரிவு தடுப்பதால், போக வேண்டிய ஒரே இடமும் அதுதான்.

எங்கே போடுவது என்பதில் சட்டம் மனுதாரருக்கு வசதி செய்து தந்திருக்கிறது. விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம் ஆகிய மூன்றில் எதையும் தேர்ந்தெடுக்கலாம். திருச்சி பைபாஸில் இடிபட்ட கோயம்புத்தூர்க்காரர் கோயம்புத்தூரிலேயே மனு செய்யலாம். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றமே இந்தத் தீர்ப்பாயமாகச் செயல்படுகிறது.

காலவரம்புதான் பலரைக் கவிழ்க்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் 166-ஆம் பிரிவில் ஆறு மாதக் கெடுவைக் கொண்டுவந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இந்தக் கெடு செல்லுமா என்பது உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகி, தாமதத்தைக் காரணம் காட்டி மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. இடைக்கால உத்தரவை நம்பி உட்கார்ந்திருப்பது ஆபத்து. விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம் என்று நாட்காட்டியில் குறித்துக்கொண்டு அதற்குள் மனு செய்துவிடுவதே பாதுகாப்பு. மறைந்த பழுது வெளிப்பட மூன்று நான்கு மாதம் ஆகும் என்பதால் இந்த அவகாசம் உண்மையில் குறுகியது.

எதிர் வண்டியின் காப்பீடு எவ்வளவு தரும்? மூன்றாம் நபர் சொத்துச் சேதத்துக்குக் கார்களுக்கும் வணிக வாகனங்களுக்குமான பாலிசிகளில் வழக்கமான வரம்பு 7,50,000 ரூபாய், இருசக்கர வாகனங்களுக்கு 1,00,000 ரூபாய். ஆனால் இதை வெறும் 6,000 ரூபாயாகச் சுருக்கிக்கொண்டு பிரீமியத்தில் ஒரு சிறு தள்ளுபடி பெறும் வாய்ப்பு இருந்துவருகிறது. இடித்தவர் அப்படிச் சுருக்கியிருந்தால் 6,000-க்கு மேற்பட்டதை அந்த உரிமையாளரிடமிருந்தும் ஓட்டுநரிடமிருந்தும்தான் வசூலிக்க வேண்டும். ஆகவே மனுவில் ஓட்டுநர், உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம் என்று மூவரையும் சேர்ப்பது அவசியம். ‘நமக்குப் பகை ஓட்டுநரோடு இல்லை’ என்று அவரை விட்டுவிடுபவர்கள் உண்டு. ஓட்டுநரின் அலட்சியம்தான் வழக்கின் அடித்தளமே.

அந்த அலட்சியத்தை நிரூபிக்கும் பொறுப்பு மனுதாரருடையது. உயிரிழப்புக்கும் கொடுங்காயத்துக்கும் தவறை நிரூபிக்காமலே குறிப்பிட்ட தொகை பெறச் சட்டத்தில் வழி உண்டு. சொத்துச் சேதத்துக்கு அந்தச் சலுகை இல்லை. இரண்டு பக்கமும் தவறு இருந்ததாகத் தீர்ப்பாயம் கருதினால், நம் பங்கின் சதவீதத்தைக் கழித்துவிடும். இங்கேதான் காவல் நிலையம் முக்கியமாகிறது. காயமில்லாத விபத்து என்றால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யத் தயங்குவார்கள், சமரசமாகப் போகச் சொல்வார்கள். குறைந்தபட்சம் எழுத்துப் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதையாவது வாங்காமல் வெளியே வரக் கூடாது. பொறுப்பின்றி ஓட்டியதற்கு குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவில் வழக்குப் பதிவாகி, ஓட்டுநர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால், அந்த உத்தரவின் நகல் தீர்ப்பாயத்தில் நல்ல ஆதாரமாகும். வழக்கு எதுவும் பதிவாகாவிட்டாலும் வழி அடைபட்டுவிடுவதில்லை. டேஷ் கேமரா பதிவு, அருகிலுள்ள கடையின் சிசிடிவி காட்சி, இரு வண்டிகளின் எண்ணும் நின்ற நிலையும் தெரியும் படங்கள், சாட்சியின் வாக்குமூலம் ஆகியவை உதவும். கடைகளின் கேமராப் பதிவுகள் சில நாள்களில் தானாக அழிந்துவிடும் என்பதால் அன்றே போய்க் கேட்பது நல்லது.

எதிர் வண்டியின் காப்பீட்டு விவரத்தைத் தர அவர் மறுத்தாலும் கவலையில்லை. வண்டி எண்ணை வைத்து எம்பரிவாகன் செயலியில் நிறுவனத்தின் பெயரையும் பாலிசிக் காலத்தையும் பார்க்கலாம். இழப்பீடு கோர உரிமையுள்ளவர் கேட்டால் வண்டியின் விவரங்களைத் தர வேண்டியது காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின், பதிவு அலுவலரின் கடமை என்று 160-ஆம் பிரிவே சொல்கிறது.

இனி மிகச் சிக்கலான இடம். சொந்தப் பாலிசியில் 54,000 வாங்கிவிட்டு, மிச்சத்தைத் தீர்ப்பாயத்தில் கேட்கலாமா? ஒரே சேதத்துக்கு இரண்டு முறை பணம் பெறக் கூடாது என்பது அடிப்படை விதி, அது நியாயமும்கூட. எதிர்த்தரப்புக் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் எழுப்பும் ஆட்சேபம் இதுதான்: ‘மனுதாரர் ஏற்கெனவே தன் நிறுவனத்திடம் பெற்றுவிட்டார்.’ நாம் கேட்பது பெற்ற தொகையை அல்ல, பெறாத மிச்சத்தை மட்டுமே என்பதை மனுவின் முதல் பக்கத்திலேயே கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். மொத்த பில் இவ்வளவு, சொந்தக் காப்பீடு தந்தது இவ்வளவு, எஞ்சியது இவ்வளவு என்று வரிவரியாக. பெற்றதை மறைத்துவிட்டு முழுத் தொகையைக் கேட்பவர்கள் வழக்கையும் இழக்கிறார்கள், நம்பகத்தன்மையையும் இழக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய பள்ளம், வண்டியை எடுக்கும்போது நீட்டப்படும் காகிதம். முழு மற்றும் இறுதித் தீர்வாக ஏற்றுக்கொண்டேன் என்ற வாசகத்துடன் டிஸ்சார்ஜ் வவுச்சர் வரும். ‘இந்த விபத்து தொடர்பாக இனி எவரிடமும் கோரமாட்டேன்’ என்ற பொருள் தரும்படி அதை எழுதியிருந்தால், பின்னால் எதிர்த்தரப்பு அதையே எடுத்துக் காட்டும். கேஷ்லெஸ் என்ற பெயரில் சாவி வாங்கும் அவசரத்தில் யாரும் படிப்பதில்லை. ‘என் பாலிசியின்படி கிடைக்கும் தொகைக்கு மட்டும், தேய்மானக் கழிவு உள்ளிட்ட மீதி இழப்பை விபத்துக்குக் காரணமானவரிடம் கோரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை’ என்று கையெழுத்துக்கு மேலே ஒரு வரி எழுதிவிட்டு, அதன் படத்தையும் எடுத்துவைத்துக்கொள்ளலாம். அங்கேயே முழு பில்லின் நகலும் எந்தப் பாகத்துக்கு எவ்வளவு கழித்தார்கள் என்ற விவரமும் வேண்டும் என்று கேட்க வேண்டும். கேஷ்லெஸ் முறையில் பில் நேராக நிறுவனத்துக்குப் போய்விடுவதால், கேட்காதவர் கையில் வெறும் பிடித்தத் தொகை ரசீதுதான் மிஞ்சும். சர்வேயர் அறிக்கையின் நகலையும் பாலிசிதாரர் கேட்டுப் பெறலாம்.

பில்லைத் தாக்கல் செய்வதோடு வேலை முடிவதில்லை. பில்லைக் கொடுத்த ஒர்க் ஷாப்பிலிருந்து ஒருவரும், முடிந்தால் சர்வேயரும் தீர்ப்பாயத்தில் சாட்சி சொல்ல வேண்டும். பில் இருந்தும் அதை எழுதியவரை விசாரிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தொகை வெட்டப்படுவது வழக்கமான சோகம். பழைய பாகத்துக்குப் பதில் புதுப் பாகம் கிடைத்ததால் மனுதாரருக்கு லாபம் என்றும் எதிர்த்தரப்பு வாதாடும். பம்பரை மாற்றியதால் யாருடைய கார் விலையும் கூடிவிடுவதில்லை, இடிபட்ட கார் என்று குறையத்தான் செய்கிறது என்பதே அதற்கான பதில்.

விலைக் குறைவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய கார் வாங்குபவர்கள் பெயின்ட்டின் தடிமனை அளக்கும் கருவியோடு வருகிறார்கள். காப்பீட்டு கிளெய்ம் வரலாற்றைக் கேட்கிறார்கள். ‘ஆக்சிடென்ட் வண்டி’ என்று பெயர் வந்துவிட்டால், பழுது எவ்வளவு நேர்த்தியாகப் பார்க்கப்பட்டிருந்தாலும் விலை இறங்கும். அமெரிக்காவில் இதைத் தனி இழப்பாகக் கேட்பது சாதாரணம். ஜார்ஜியா மாநில உச்ச நீதிமன்றம் 2001-இல், சொந்தப் பாலிசிதாரருக்கே இந்த விலைக் குறைவைக் காப்பீட்டு நிறுவனம் மதிப்பிட்டுத் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நம் சட்டத்தில் இதற்கென்று தனி விதி இல்லை. 168-ஆம் பிரிவு ‘நியாயமான இழப்பீடு’ என்ற பரந்த அதிகாரத்தைத் தீர்ப்பாயத்துக்குத் தருகிறது; அதன்கீழ் கேட்கலாம். விபத்துக்கு முன்பும் பின்பும் அதே வண்டிக்குச் சந்தை மதிப்பு என்ன என்று தகுதியுள்ள மதிப்பீட்டாளர் ஒருவரின் அறிக்கை இல்லாமல் கேட்டால் கிடைக்காது. பன்னிரண்டு வயதான காருக்கு இதைக் கேட்பது வீண். ஒன்றிரண்டு வயதுள்ள, சாசி வரை அடிபட்ட வண்டிக்குக் கேட்பதில் அர்த்தமுண்டு.

வண்டி இல்லாத நாள்களின் இழப்பிலும் இதே கதைதான். ‘சொத்துச் சேதம்’ என்றால் பழுதுச் செலவு மட்டுமே, வருமான இழப்புக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று காப்பீட்டு நிறுவனங்கள் வாதாடும். தீர்ப்புகள் இதில் ஒரே திசையில் இல்லை. நிறுவனம் தப்பினாலும், அலட்சியத்தின் நேரடி விளைவு என்ற வகையில் உரிமையாளரிடமும் ஓட்டுநரிடமும் கேட்கத் தடையில்லை. கால் டாக்சியோ சிறு சரக்கு வண்டியோ வைத்துப் பிழைப்பவருக்கு, பாகம் வரவில்லை என்று ஒர்க் ஷாப்பில் வண்டி கிடக்கும் மூன்று வாரம் பம்பர் விலையைவிடப் பெரிய அடி. டிரிப் ஷீட், செயலி நிறுவனம் தரும் வாராந்திர வருமானக் கணக்கு, வங்கிப் பதிவு, வருமான வரிக் கணக்கு ஆகியவை இருந்தால் அவருடைய கோரிக்கைக்கு உடம்பு இருக்கும். வண்டி உள்ளே போன தேதியும் வெளியே வந்த தேதியும் ஜாப் கார்டில் பதிவாகியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

எதிரே நிற்பவர் யார் என்பதைப் பொறுத்தும் வழி மாறும். அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்து இடித்தால் எதிரே காப்பீட்டு நிறுவனம் இருக்காது. சட்டம் தரும் விலக்கைப் பயன்படுத்தி அவை இழப்பீட்டைத் தாங்களே ஏற்கின்றன. ஆகவே கழகத்தையே எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். இழப்பீடு தராததால் அரசுப் பேருந்து ஜப்தி என்று செய்தித்தாளில் அடிக்கடி படிக்கிறோமே, அது இந்த ஏற்பாட்டின் விளைவு. அங்கே வெற்றி நிச்சயமானாலும் வசூல் தாமதமாகும். காப்பீடே இல்லாத வண்டி என்றால், அதைக் காவல் துறை பிடித்துவைத்திருக்கும்போதே, போதிய பிணை இல்லாமல் விடுவிக்கக் கூடாது என்று நீதிமன்றத்தில் எதிர்ப்புத் தெரிவிக்க வேண்டும். வண்டி கைவிட்டுப் போய்விட்டால் பிறகு அவரைத் தேடித்தான் திரிய வேண்டும். இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி என்றால் வழி மிகக் குறைவு. அடையாளம் தெரியாத வாகனங்களுக்கான அரசுத் திட்டம் உயிரிழப்புக்கு 2,00,000, கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் தருகிறது. கார் சேதத்துக்கு ஒன்றும் தருவதில்லை. அந்த ஒரு சூழ்நிலையில் சொந்தப் பாலிசிதான் துணை.

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சட்ட வழி இன்னும் அவசியம். பத்து வயதான காருக்கு முழுக் காப்பீடு எதற்கு என்று விட்டுவிடுபவர்கள் ஏராளம். அவர்கள் இடிபட்டால் சொந்த நிறுவனத்திடமிருந்து ஒரு பைசா வராது. முழுச் செலவையும் எதிர்த்தரப்பிடம் கேட்கும் உரிமை அவர்களுக்கு அப்படியே இருக்கிறது, ‘ஏற்கெனவே பெற்றுவிட்டார்’ என்ற ஆட்சேபமும் அவர்கள்மேல் எழாது. ஆனால் அவர்கள்தான் ‘நம்மிடம் தேர்ட் பார்ட்டிதானே இருக்கிறது’ என்று முதலில் கைவிடுகிறார்கள். அந்த இடத்தில் மூன்றாம் நபரே அவர்கள்தான். இடித்தவர் கட்டிய பிரீமியம் அவர்களுக்காகக் கட்டப்பட்டது.

காப்பீட்டு நிறுவனங்கள் நினைத்தால் இந்த அலைச்சலில் பாதியை இல்லாமல் செய்யலாம். பாலிசிதாரருக்குப் பணம் கொடுத்த நிறுவனம், அவருடைய இடத்தில் நின்று தவறு செய்தவரிடமிருந்து அந்தத் தொகையை மீட்கும் உரிமை பெறுகிறது. ஆனால் நிறுவனங்களுக்கிடையே ‘நாக் ஃபார் நாக்’ எனப்படும் ஏற்பாடு உண்டு: என் வண்டிக்கு நான் பார்த்துக்கொள்கிறேன், உன் வண்டிக்கு நீ பார்த்துக்கொள். அவர்களுக்குள் வழக்குச் செலவு மிச்சம். பாலிசிதாரரின் போனஸும் பிடித்தமும் மட்டும் எவர் கணக்கிலும் வராமல் விழுந்துவிடுகின்றன. பிரிட்டனில் காப்பீடு ஈடுசெய்யாத இழப்பை மீட்பது என்பது தனிச் சேவையாகவே நடக்கிறது. தவறு செய்தவரிடமிருந்து முழுத் தொகை மீட்கப்பட்டால் போனஸும் பொதுவாகக் காப்பாற்றப்படுகிறது. இங்கே தவறு யாருடையது என்று ஆவணம் தெளிவாகக் காட்டும்போதும் போனஸைப் பறிப்பதற்கு நியாயம் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இந்த ஒன்றை மாற்றினாலே பெரிய உதவி.

அதுவரை, எந்தத் தொகைக்கு வழக்குப் போவது? இடித்தவரே நல்லவராக இருந்து 10,000 ரூபாய் மிச்சத்தைக் கொடுத்துவிட்டால் பிரச்சினை அங்கேயே முடிந்தது. அதற்கும் ஒரு தாளில் தேதி, வண்டி எண்கள், தொகை, எதற்காக என்று எழுதி இருவரும் கையெழுத்திடுவது இருவருக்கும் பாதுகாப்பு. மறைந்த பழுது வரக்கூடும் என்று பட்டால் ‘இன்றுவரை தெரிந்த சேதத்துக்கு’ என்று அந்தத் தாளில் சேர்க்க வேண்டும். கொடுக்க மறுத்தால் உரிமையாளருக்கும் அவருடைய காப்பீட்டு நிறுவனத்துக்கும் பில்களின் நகலோடு வழக்கறிஞர் நோட்டீஸ். சிறு தொகை என்றால் அந்தக் கட்டத்திலேயே பேச்சுக்கு வருபவர்கள் உண்டு. 30,000, 40,000 ரூபாய்க்கு மேல் நிற்கிறது, ஆதாரம் தெளிவாக இருக்கிறது என்றால் மனு செய்யலாம் என்பது என் கருத்து. ஆண்டுக்கணக்கில் இழுக்குமே என்ற பயம் பொய்யில்லை. மனு நிலுவையில் இருக்கும்போதே மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பும்படி கேட்டால், காயம் சம்பந்தப்படாத சிறு தொகை வழக்குகளை முடித்துக்கொள்ள காப்பீட்டு நிறுவனத்துக்கும் காரணம் இருக்கிறது.

தீர்ப்பு வரை போனாலும் சிறிய தொகைக்கு ஒரு சாதகம் உண்டு. பிரச்சினையில் உள்ள தொகை ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறைவு என்றால் 173-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு கிடையாது. தீர்ப்பளித்த 30 நாளுக்குள் தொகையைச் செலுத்த வேண்டும், மனு செய்த நாளிலிருந்து வட்டி கேட்கலாம். கட்டாமல் இழுத்தடித்தால் தீர்ப்பாயத்தின் சான்றிதழை வைத்து, நில வரி பாக்கியை வசூலிப்பது போல மாவட்ட ஆட்சியரே வசூலித்துத் தர 174-ஆம் பிரிவில் வழி இருக்கிறது.